அரைவாளி முதலாளி வாங்கிய மார்க்

ஊரில் அவருக்கு அரைவாளி முதலாளி என்று பெயர். குளிக்க அரை வாளித் தண்ணீருக்கு மேல் தொடமாட்டார். அதிலும் கடைசிச் சொம்பை மிச்சம் பிடித்து, கைக்குட்டையைத் துவைத்துக்கொண்டுதான் வெளியே வருவார். கல்யாணமான மறுநாள் அவர் மனைவி தெரியாத்தனமாக முழு வாளி நிரப்பி வைத்தாள். அவர் வாளியைப் பார்த்தார், புது மனைவியைப் பார்த்தார், குளித்துவிட்டு வந்து, "மிச்சத்துல நீ குளிச்சிடு" என்றார். அன்றைக்கு அவளுக்கு அழுகையாக வந்தது. ஆனால் யாரோடு சேர்ந்தாலும் கொஞ்சம் ஒட்டத்தானே செய்யும். இருபத்தாறு வருஷத்தில் அவளும், எங்காவது குழாய் சொட்டினால் சாப்பாடு இறங்காதவளாகிவிட்டாள்.

அவருக்கு ஒரு கம்பளி ஆலை இருந்தது. ஆலை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம், மூன்று அறை. ஊர் ஊராகச் சேர்த்த பழைய ஸ்வெட்டர்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். முதல் அறையில் பதினான்கு பெண்கள் தரையில் உட்கார்ந்து பட்டனையும் ஜிப்பையும் வெட்டி எடுத்துவிட்டு, நிறம் பிரித்துக் குவிப்பார்கள். இரண்டாவது அறையில் ஒரு மெஷின் அதைக் கிழித்துப் பஞ்சாக்கும், இன்னொன்று பஞ்சைச் சீவும். மூன்றாவது அறையில் அது நூலாகிப் போர்வையாகும். ஆஸ்பத்திரிகளும் விடுதிகளும் வாங்கிப்போகும்.

சாயம் என்ற பேச்சே அங்கே கிடையாது. சாயத்துக்குக் காசு, சாயம் காய்ச்ச விறகு, அலசத் தண்ணீர், அலசிய தண்ணீரைக் கொட்ட இடம். இத்தனை செலவு எதற்கு? சிவப்புப் போர்வை கேட்டால் சிவப்பு ஸ்வெட்டர்களைச் சேர்த்துச் சீவு. சிவப்பு வந்துவிட்டுப் போகிறது.

சொல்வது சுலபம். சிவப்பு என்று உலகத்தில் ஒரு நிறம் இல்லை. மிளகாய்ப்பழம் இருக்கிறது, மாதுளை இருக்கிறது, செங்கல் இருக்கிறது, பத்து வருஷம் வெயிலில் காய்ந்து வெளுத்த சிவப்பு இருக்கிறது. போன வருஷம் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த அதே சிவப்பு இந்த வருஷமும் வரவேண்டும் என்றால், மாதுளையில் இரண்டு கூடை, செங்கலில் ஒன்று, மேலே ஒரு பிடி கறுப்பு என்று யாராவது சொல்ல வேண்டும். சொன்னவள் அவர் மனைவி. இரண்டு கம்பிச் சீப்புகளுக்கு நடுவே கொஞ்சம் பஞ்சை வைத்து இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டி, "இன்னும் அரைக் கூடை செங்கல்" என்பாள். அவள் சொல் தப்பியதில்லை. பெண்கள் அவளைக் கலரக்கா என்று கூப்பிட்டார்கள். காலையில் சமைத்து, டப்பாவில் அடைத்து எடுத்துக்கொண்டு அவரோடு வருவாள். சாயங்காலம் அவரோடு திரும்புவாள். அதை வேலை என்று அவளும் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை.

அந்த வருஷம் குளிர் முந்திக்கொண்டு வந்தது. ஆர்டரும் கூடவே வந்தது. அந்த நேரம் பார்த்துச் சீவுகிற மெஷினின் பெரிய உருளை கடகடவென்று ஆட ஆரம்பித்து, ஒரு திங்கட்கிழமை அச்சு விரிசல்விட்டு நின்றுவிட்டது. வெல்டிங்காரர் வந்து ஒட்டுப்போட்டார். கையைத் துடைத்துக்கொண்டே, இந்தக் குளிரைத் தாங்கும், அடுத்த குளிருக்குத் தன்னைக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புது மெஷினுக்குக் கடன் வாங்காமல் தீராது. அரைவாளி முதலாளி தன் வாழ்நாளில் கடன் வாங்கியவரில்லை. பாங்குக்கும் அதுதான் குறையாகப் பட்டது. பழைய துணித் தொழில், பழைய கட்டடம், ஈடு காட்ட ஒன்றுமில்லை என்று மூன்று மாதம் இழுத்தார்கள். அப்புறம் புதிதாக வந்த மேனேஜர் அவரை உட்காரவைத்து வேறொரு வழி சொன்னார். வீட்டுக்கு வந்து அதை மனைவியிடம் சொல்லும்போது அவர் கையில் ஒரு பொட்டலம் பிஸ்கட் இருந்தது. அவள் முதலில் பிஸ்கட்டைத்தான் பார்த்தாள்.

"இப்பல்லாம் பாங்க் லாபத்த மட்டும் பாக்கறதில்லையாம். தண்ணிய எவ்ளோ செலவழிக்கறே, கரன்ட்டு எவ்ளோ, புகை எவ்ளோ, ஆளுங்கள எப்படி வெச்சிருக்கே, எல்லாத்துக்கும் மார்க் போடுவாங்களாம். நல்ல மார்க் வாங்கற கம்பெனிக்கு வட்டியும் கம்மி, பணமும் சீக்கிரம்."

"அவங்களுக்கு என்ன அதுல லாபம்?"

"அவங்களுக்குப் பணம் குடுக்கற பெரிய ஆளுங்க அதைத்தான் கேக்கறாங்களாம். தண்ணிய வீணடிக்கறவன், ஆள வாட்டறவன் எல்லாம் என்னிக்காவது ஒருநாள் மாட்டிக்குவான், கடனையும் கட்டமாட்டான்னு கணக்கு." பிஸ்கட்டைப் பிரித்து அவளுக்கு இரண்டு கொடுத்தார். "இந்தப் பரீட்சைக்கு நான் பொறந்ததுல இருந்து படிச்சிட்டிருக்கேன்."

மார்க் போட ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். முதுகில் பை, பையில் அவளுடைய சாப்பாடு, அவளுடைய தண்ணீர். அதைப் பார்த்ததுமே அரைவாளி முதலாளிக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஆலைப் பெண்கள் அவளுக்கு மார்க்கம்மா என்று பெயர் வைத்தார்கள்.

முதல் நாள் முழுக்க அவர் அவளைச் சுற்றிக் காட்டினார். கூரை மழைத்தண்ணீர் தொட்டிக்கு இறங்குகிற குழாய், டீ நேரத்தில் எல்லா விளக்கையும் ஒரே இழுப்பில் அணைக்கும் சுவிட்ச், மெஷினடியில் உதிரும் கழிவுப் பஞ்சை மெத்தைக்காரருக்கு விற்கும் ஏற்பாடு. கடைசியாக, வெட்டியெடுத்த பட்டன்கள் பதினோரு மூட்டை. என்றைக்காவது உதவும் என்று கட்டிவைத்தது. மார்க்கம்மா எழுதிக்கொண்டே போனாள். இதெல்லாம் எப்போதிலிருந்து செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

"எங்கப்பா காலத்துல இருந்து. அப்ப இதுக்குப் பேரு கஞ்சத்தனம்" என்றார் அவர்.

இரண்டாம் நாள் அவள் முதல் அறைக்கு வந்தாள். தூசியை அளக்க, செங்கல் அளவுக்கு ஒரு பெட்டியைச் சுவரில் மாட்டினாள். அது மெல்ல உர்ரென்று காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. வெளியே தூறல் என்பதால் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. ஸ்வெட்டர்களை உதறும்போதெல்லாம் விளக்கடியில் தூசி புகைபோல எழுந்து, நிதானமாக எல்லோர் தலைமேலும் இறங்கியது. கலரக்காவின் பக்கத்தில் மார்க்கம்மாவும் தரையில் உட்கார்ந்துகொண்டாள். ரொம்ப நேரம் சும்மா பார்த்தாள். அப்புறம் மடியில் இருந்த ஆள் பட்டியலைப் புரட்டினாள்.

"இதுல நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரியலையே."

"எனக்கெதுக்குப் பட்டியலு? நான் அவரோட சம்சாரம்."

"இந்தக் கூடைக் கணக்கெல்லாம் எங்க எழுதி வெச்சிருக்கீங்க?"

கலரக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "எழுதறதா? பாத்தா தெரியுதே."

"உங்களுக்கு உடம்பு சரியில்லன்னா?"

எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்திருந்த நெட்டை என்கிற மூத்த வேலைக்காரி, அந்த மாதிரி நடந்ததே இல்லை என்றாள். அக்கா காய்ச்சலோடும் வந்திருக்கிறார், பிள்ளை பெறுவதற்கு முந்தின நாளும் வந்திருக்கிறார். பெருமையாகத்தான் சொன்னாள். மார்க்கம்மா அதையும் எழுதிக்கொண்டாள். கலரக்காவுக்கு மட்டும், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல் இருந்தது.

பத்து நாள் கழித்துத் தபால் வந்தது. நூற்றுக்கு அறுபது வாங்கினால்தான் அந்தக் கடன். ஆலை வாங்கியது ஐம்பத்து நாலு. தண்ணீர், மின்சாரம், கழிவு ஆகியவற்றில் ஐம்பதுக்கு நாற்பத்தைந்து. ஆட்கள் என்ற தலைப்பில் ஐம்பதுக்கு ஒன்பது. முதல் அறையின் தூசி, இருக்கலாம் என்ற அளவைப்போல் மூன்று மடங்கு. ஆலையின் நிறம் முழுக்க ஒரே ஆளை நம்பி இருக்கிறது. அந்த ஆளுக்குச் சம்பளம் இல்லை, விடுப்பு இல்லை, பட்டியலிலேயே இல்லை. சரிசெய்தால் மூன்று மாதத்தில் மறுபடி வந்து பார்ப்பார்கள்.

அவர் அதை அடுக்களையில் நின்றபடி இரண்டு தரம் படித்தார். நாற்பத்தைந்து வாங்கியவனை ஒன்பது கவிழ்த்துவிட்டதே என்று புலம்பினார். தண்ணீரைச் சேமிக்கத் தெரிந்தவனுக்கு ஆளை வைத்துக்கொள்ளத் தெரியாதா, இத்தனை வருஷத்தில் யாரையாவது வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேனா, சம்பளம் ஒரு நாள் தள்ளியிருக்கிறதா என்று சுவரிடம் கேட்டார். அதெல்லாம் உண்மைதான். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தணித்துக்கொண்டு வந்தார். "ஒண்ணு பண்ணலாம். உன் பேர பட்டியல்ல சேத்துடறேன். சம்பளம்னு ஒரு தொகையும் எழுதிடுவோம். காகிதத்துல இருந்தா போதும். நம்ம வீட்டுப் பணம் நம்ம வீட்டுக்குள்ளதானே சுத்துது?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவள்போலக் கேட்டாள்.

"தூசிக்கும் காகிதத்துலயே ஃபேன் மாட்டிடுவீங்களா?"

அவள் நறுக்கியதை வாணலியில் போட்டாள். புகை கிளம்பியது, அவளுக்கு இருமல் வந்தது. கொல்லைப் பக்கம் போய் இருமிவிட்டு வந்தாள். அன்று சாப்பிடும்போது, குழம்பில் உப்பு கூடியிருந்ததை அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆலை திறந்ததும் அவர் நேரே முதல் அறைக்குப் போய், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

"எனக்கும் ஒரு மூட்டை குடு" என்றார் நெட்டையிடம்.

நெட்டை கலரக்காவைப் பார்த்தாள். கலரக்கா தலையசைத்தாள். இருப்பதிலேயே லேசான வேலை என்று வெள்ளை மூட்டையைக் கொடுத்தார்கள். அவர் பட்டனை வெட்டினார், வெள்ளையை ஒரே குவியலாகப் போட்டார். அரை மணி கழித்து நெட்டை வந்து பார்த்து, பால் வெள்ளை, தந்த வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை, வியர்வையில் பழுத்த வெள்ளை என்று அதை நாலாகப் பிரித்து, அவரை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள். அறையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவரும் கடைசியில் சிரித்துவிட்டார். பதினோரு மணிக்குள் முதுகு பிடித்துக்கொண்டது. கத்தரி பிடித்த கட்டைவிரல் சிவந்து வீங்கியது. மத்தியானம் டப்பாவைத் திறந்தால் சோற்றின்மேல் நீல இழை ஒன்று வந்து படுத்தது. எடுத்துப் போட்டார், இன்னொன்று வந்தது. பெண்கள் பழகிய கையால் டப்பாவை மூடி மூடித் தின்றுகொண்டிருந்தார்கள். இத்தனை வருஷமாக அவர் தன் டப்பாவை, ஆபீஸ் மேசை இருந்த கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து சாப்பிட்டவர்.

மூன்று மணி வாக்கில் அவருக்குத் தொண்டை கரகரத்தது. நாலு மணிக்கு இருமல். அடக்கப் பார்த்தார். அடங்கவில்லை. நெட்டை வெந்நீர் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் குந்தினாள்.

"முதல் நாள் அப்படித்தான் இருக்கும் ஐயா. எங்களுக்கெல்லாம் ஞாயித்துக்கிழமை சரியாப் போயிடும். அக்காவுக்குத்தான் ஒரு வருஷமா நிக்கவே மாட்டேங்குது."

கலரக்கா கண்ணைக் காட்டினாள். நெட்டை பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் நிறுத்தியிருப்பாளா என்பது சந்தேகம்.

"ஒரு வருஷமாவா?" என்றார் அவர்.

"நீங்க வந்தா வெளிய போயி இருமிட்டு வருவாங்க. டாக்டர்கிட்ட போங்கக்கான்னா, அவருக்குத் தெரிஞ்சா செலவ நெனச்சுச் சங்கடப்படுவாருன்னு சொல்லுவாங்க."

அறையில் கத்தரிச் சத்தம் நின்றுவிட்டது. அவர் வெந்நீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். கலரக்காவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவர் வெந்நீரைக் குடித்து முடித்தார். எழுந்து, மனைவிக்கு எதிரே வந்து நின்றார்.

"கௌம்பு" என்றார்.

"வேல கெடக்குதே."

"கெடக்கட்டும். டாக்டர் ஆறு மணிக்குப் போயிடுவாரு."

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், படம் எடுத்தார். பயப்பட ஒன்றுமில்லை, இதே தூசியில் இன்னும் ரெண்டு வருஷம் உட்கார்ந்திருந்தால்தான் பயப்பட வேண்டியிருக்கும் என்றார். ஒரு மாதம் அந்த அறைப் பக்கமே போகக் கூடாது. கண்ணுக்குத் தெரிகிற தூசி தும்மலோடு போய்விடும், தெரியாத தூசிதான் உள்ளே போய்க் குடித்தனம் வைத்துக்கொள்ளும் என்று விளக்கினார். திரும்பி வரும்போது அரைவாளி முதலாளி பஸ்ஸுக்கு நிற்காமல் ஒரு ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினார். பேரம்கூடப் பேசவில்லை. அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது. டாக்டர் தன்னிடம் எதையோ மறைத்துவிட்டாரோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள்.

அந்த வாரமே பட்டன் மூட்டை பதினொன்றும் வெளியேறின. மொத்த வியாபாரி வந்து அள்ளிப் பார்த்து, சொன்ன விலைக்கு எடுத்துக்கொண்டான். அது போதவில்லை. கழிவுப் பஞ்சு வாங்கும் மெத்தைக்காரரிடம் முன்பணம் கேட்டு வாங்கினார். முதல் அறைச் சுவரில் இரண்டு ஆள் அகலத்துக்குத் துளை போட்டு, தூசியை உறிஞ்சி வெளியே பைக்குள் தள்ளும் விசிறி மாட்டப்பட்டது. தகரக் குழாய்களை வெல்டிங்காரரே வளைத்துக் கொடுத்தார். பெண்கள் உட்கார உயரமான மேசையும் பலகையும் வந்தன. சாப்பிடத் தனியே ஓர் இடம் ஒதுக்கினார். அது அவருடைய கண்ணாடித் தடுப்புதான். அவர் மேசையைத் தூக்கி, மூட்டைகள் அடுக்கும் கிடங்கு ஓரமாகப் போட்டுக்கொண்டார். பைக்குள் சேர்ந்த தூசியையும் மெத்தைக்காரருக்கு விற்கமுடியுமா என்று அவர் விசாரித்ததையும் சொல்லத்தான் வேண்டும். முடியாது என்றார்கள்.

வீட்டிலிருந்த அந்த ஒரு மாதமும் கலரக்கா சும்மா இருக்கவில்லை. ஆலையிலிருந்து பஞ்சு வரவழைத்து, ஒவ்வொரு போர்வைக்கும் ஓர் அட்டை எடுத்து, மேலே கலவைப் பஞ்சு ஒரு குடுமி, கீழே அதில் சேரும் நிறங்கள் வரிசையாகக் குடுமி குடுமியாக ஒட்டி, பக்கத்தில் இத்தனை கூடை என்று எழுதினாள். அறுபத்து மூன்று அட்டை தேறியது. தனக்குள் இவ்வளவு இருந்ததா என்று அவளுக்கே ஆச்சரியம். ஆலையில் அட்டையைப் பார்த்து நெட்டை கலந்தாள். பாதி சரியாக வந்தது. மீதிக்குச் சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

மார்க்கம்மா மறுபடி வருவதற்கு முந்தின வாரம் சம்பளப் பேச்சு வந்தது. எவ்வளவு எழுதட்டும் என்று அவர் கேட்டார். இந்த முறை காகிதம் என்று சொல்லவில்லை.

"நெட்டைக்கு எவ்ளோ?"

சொன்னார்.

"அதுக்கு மேல ஆயிரம்."

"ஆயிரமா?" என்று பழக்கதோஷத்தில் வாய் திறந்தவர், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். வேலையின் பெயர் என்ன போடுவது என்பதில் பெண்கள் அரை நாள் வாதம் செய்தார்கள். கடைசியில் நிறப் பொறுப்பாளர் என்று எழுதினார்கள். கலரக்கா என்றே எழுதியிருக்கலாம் என்று நெட்டைக்கு இன்றுவரை மனத்தாங்கல்.

மறு மார்க் அறுபத்தேழு. அவர் கேட்ட தொகையில் பாங்க் முக்கால்வாசிதான் கொடுத்தது. வட்டியில் சொன்ன அளவு குறையவில்லை, பாதிதான் குறைந்தது. வருஷா வருஷம் வந்து பார்ப்போம், மார்க் இறங்கினால் வட்டி ஏறும் என்று ஒரு நிபந்தனையும் இருந்தது. ஆனாலும் பணம் வந்தது. புது மெஷினுக்குப் பதில், பெரிய ஆலை ஒன்று ஐந்து வருஷம் ஓட்டிக் கழித்ததை விலை பேசி வாங்கி இறக்கினார். புதுசு வாங்கினால் கம்பெனிக்காரனுக்குத்தான் லாபம் என்றார். அந்த மனிதர் முழுக்க மாறிவிடவில்லை. மாறியிருந்தால் கலரக்காவுக்கு வீட்டில் வேறு யாரோ இருப்பதுபோல் இருந்திருக்கும்.

குளிர் முடிந்து ஆர்டர் ஓய்ந்த ஒரு நாள், அவள் தன் வேலைக் கடிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தாள். வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று ஒரு வரி இருந்தது. அதை இரண்டாவது தரமும் படித்தாள். பிறகு ஒரு தாளில் விடுப்புக் கடிதம் எழுதி, கிடங்கோரம் உட்கார்ந்திருந்த கணவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காரணம் எழுதலையே."

"எழுதணும்னு எதுலயும் போடலையே."

அவர் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அவள் பஸ் ஏறித் தங்கை வீட்டுக்குப் போனாள். ஒரு மணி நேரப் பயணம். கல்யாணத்துக்குப் பிறகு காரியம் எதுவும் இல்லாமல் அங்கே போவது இதுதான் முதல் தரம். தங்கை அவளைக் கண்டதும், வீட்டில் சண்டையா என்று கேட்டாள். இல்லை என்றதை அவள் நம்பவில்லை; நம்பாமலேயே முட்டை வேகவைத்துக் கொடுத்தாள். பத்து மணிக்கெல்லாம் மழை பிடித்துக்கொண்டது. செய்ய ஒன்றுமில்லாமல் கலரக்கா கட்டிலில் சாய்ந்தாள். பகலில் படுத்துப் பழக்கமில்லை, குற்றமாக இருந்தது. அப்படியே எப்போது தூங்கினாள் என்று தெரியவில்லை.

பேச்சுக் குரல் கேட்டு விழிப்பு வந்தது. கண்ணைத் திறக்கவில்லை.

"எத்தன நேரம் மாமா இப்படியே உக்காந்திருப்பீங்க? எழுப்பட்டுமா?" தங்கைதான்.

"வேணாம். லீவுல இருக்கா."

கலரக்கா இமையை லேசாக விலக்கிப் பார்த்தாள். அவர் கதவோரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சட்டை தோளில் நனைந்திருந்தது. மடியில் ஒரு துணிப்பை. அதன் வாய் பிரிந்து இரண்டு பச்சைப் பஞ்சு வெளியே தெரிந்தது. ஒன்று புது ஆர்டருக்கு வந்த மாதிரிப் பஞ்சு, இன்னொன்று ஆலையில் கலந்து பார்த்தது. ஒத்துப்போகவில்லை. கட்டிலில் இருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நீலம் கூடிப்போச்சு, கால் கூடை மஞ்சள் போட்டால் சரியாகிவிடும். நெட்டை அவசரப்பட்டிருக்கிறாள்.

வாய்வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டாள். நாளைக்குச் சொல்லலாம். அவர் பையின் வாயைச் சத்தமில்லாமல் சுருட்டி மூடிவிட்டு, மழையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அவள் போர்வையைத் தோள்வரை இழுத்து, சுவர்ப்பக்கம் ஒருக்களித்து, இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்தாள்.